இருட்டடிப்பு விளக்கு: ஒரு கதைக்காகச் செய்து பார்த்த வேலைகள்

ஒரு சிறுகதையைத் திருத்துவதற்காக ஒரு விளக்கைப் பழுதுபார்த்து, மூன்று கண்ணாடிகளை உடைத்து, கொல்லையில் ஒரு பள்ளமும் வெட்ட வேண்டியதாயிற்று. எந்த வேலை எப்படி நடந்தது, எங்கே தவறினேன் என்பதை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தைப் பற்றி எழுத நினைக்கும் வேறு எவருக்காவது உதவக்கூடும் என்று எழுதி வைக்கிறேன்.

கதை பர்மாவிலுள்ள ரங்கூனில் நடக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்நகரின் மேல் முதன்முறையாகக் குண்டு வீசின. கிறிஸ்துமஸ் நாளன்று மறுபடியும் வந்தன. 1931 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 4 லட்சமாக இருந்த ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிலும் அரிசி ஆலைகளில் உழைத்தவர்களிலும் தெலுங்கர்கள் மிகுதி. தமிழர்கள் கடையிலும் கணக்கிலும் கூலிவேலையிலும் பரவியிருந்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் ஒரு வீட்டை எழுதுவதற்கு ஆந்திராவின் நகரி என்னும் ஊரில் வாழும் எனக்குத் தனியாக எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. எங்கள் தெருவே அப்படித்தான் இருக்கிறது. அடுத்த ஊரான திருத்தணிகூட 1960 வரையில் எங்களுடைய சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

முதல் பிரதியை என் தம்பியிடம் கொடுத்தேன். விசைத்தறிக் கொட்டகை வைத்திருப்பவன். கதைகள் படிக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. முழுவதையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அரிக்கேன் விளக்க எங்கனா வாயால ஊதி அணைக்க முடியுமா?"

அபாயச் சங்கு ஒலித்ததும் என் கதாநாயகி ஓடிப்போய் "விளக்கை ஊதி அணைத்தாள்" என்று எழுதியிருந்தேன். கண்ணாடிக் கூண்டு மூடியிருக்கும் விளக்கை எங்கிருந்து ஊதுவது? ஒன்று, பக்கத்து நெம்பைத் தட்டிக் கூண்டைத் தூக்கிவிட்டு ஊத வேண்டும். இல்லையென்றால் திருகைத் திருகித் திரியை உள்ளே இறக்க வேண்டும். திரியை அளவுக்கு மீறி இறக்கினால் அது தொட்டிக்குள் விழுந்துவிடும், மறுபடி ஏற்ற எரியடுப்பையே கழற்ற வேண்டியிருக்கும். மின்சாரம் போகும் இரவுகளில் கொட்டகையில் அதை வைத்துப் பாவு (தறியின் நெடுக்கு நூல்) பிணைத்தவன் அவன். எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே பரணில் ஏறி, எங்கள் பாட்டி காலத்து அரிக்கேன் விளக்கை இறக்கினேன்.

விளக்கின் நிலை மோசமாக இருந்தது. கூண்டு விரிசல் விட்டிருந்தது, திரி கருகிக் கல்லாகியிருந்தது, தொட்டியின் உள்ளே துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கூண்டும் திரியும் திருத்தணிக் கடைத்தெருவில் கிடைத்தன. தொட்டிதான் மூன்று நாட்களை விழுங்கியது. கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரை நிரப்பி இரண்டு இரவுகள் ஊறவைத்தேன். பிறகு சிறு சரளைக்கற்களை உள்ளே போட்டுக் குலுக்கினால் மிச்சத் துரு உதிரும் என்று தம்பி சொன்னான். அவன் சொல்ல மறந்தது, கற்களை எண்ணிப் போட வேண்டும் என்பதை. நல்லவேளையாக நான் வகுப்பில் பிள்ளைகளை எண்ணும் பழக்கத்தில் முப்பது என்று எண்ணித்தான் போட்டிருந்தேன். இருபத்தொன்பது வெளியே வந்தன. முப்பதாவதை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் தொட்டியைத் தலைகீழாக ஆட்டிக்கொண்டிருந்தேன். புளித்தண்ணீர் பட்ட தகரம் அப்படியே விட்டால் மறுநாளே மீண்டும் துருப்பிடிக்கும் என்பதால், ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் அலசி உடனே வெயிலில் வைத்தேன்.

கசிவைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. தொட்டியில் தண்ணீரை நிரப்பி, வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, மூட்டுகளின் மேல் திருநீற்றைத் தூவினேன். பத்து நிமிடத்தில் அடிமூட்டில் இரண்டு இடங்களில் திருநீறு கறுத்து நின்றது. அவற்றை அடைக்க, கடைவீதியில் தகர வேலை செய்யும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். மண்ணெண்ணெய் இருந்த தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் அவர் வெறுமையாகச் சூடாக்க மாட்டார். ஓட்டைக்கு ஒரு விரற்கடை கீழே வரைக்கும் தண்ணீரை நிரப்பி, ஆவி தங்குவதற்கு இடமில்லாமல் செய்துவிட்டுத்தான் பற்றவைக்கும் கோலை நெருப்பிலிருந்து எடுத்தார். நவச்சாரம் தேய்த்து ஈயம் வைக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவரிடம் இன்னொரு பொருளையும் காட்டினேன். விளக்கோடு பரணில் ஒரு தகர வளையம் கிடந்தது. அடியில்லாத ஒரு குவளை போல, கூண்டின் மேல் ஏறக்குறையப் பொருந்துகிற அளவில் இருந்தது. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்த பிறகு, அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் பட்டணமே காலியாயிற்று; உயர் நீதிமன்றத்தைக்கூடக் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். அந்த "எவாக்குவேஷன்" சமயத்தில் சென்னையிலிருந்து உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்ததால், இது, விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி விளக்கை மறைக்க அவர்கள் கொண்டுவந்த இருட்டடிப்பு மூடியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். கதையில் அதற்காக ஒரு பத்திகூட எழுதி வைத்திருந்தேன். பெரியவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பில் இருந்த முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார்.

"டீச்சரம்மா, இது அடி உட்டுப்போன அரைப்படி. அரிசி அளக்கறது."

பத்தியை நீக்கினேன்.

இருட்டடிப்பு என்ற சொல்லை இன்றைய வாசகர் ஏதோ ஒரு செய்தியை மறைப்பதற்கான சொல்லாகத்தான் அறிவார். அது உண்மையாகவே விளக்கை மறைத்த காலத்தின் சொல் என்பதைக் கதைக்குள் விளக்கம் சொல்லாமல் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மறைத்த விளக்கு எப்படி எரியும் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆகவே மூடியை நானே செய்ய முனைந்தேன்.

முதல் முயற்சியில் கூண்டைச் சுற்றிக் கறுப்புத் தாளை ஒட்டி, கீழே மட்டும் ஓர் அங்குலம் விட்டேன். பத்து நிமிடத்தில் தாள் பழுப்பேறிப் புகை நாற்றம் வந்தது. இரண்டாவது முயற்சியில் பழைய எண்ணெய் டின்னை வெட்டி, விளக்கின் தலைப்பகுதியையும் சேர்த்து மூடும் உருளையாக வளைத்தேன். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது. ஏற்றியதும் சுடர் சிவந்து, நீண்டு, கூண்டெல்லாம் கரியாக்கிவிட்டு அணைந்தது. சூடான காற்று தலைப்பகுதியின் துளைகள் வழியே வெளியேற வேண்டும், புதிய காற்று இருபக்கக் குழாய்கள் வழியே இறங்கிச் சுடருக்குக் கீழே வந்து சேர வேண்டும். அந்த இரண்டு வழிகளையும் என் கச்சிதமான உருளை சேர்த்து அடைத்துவிட்டது. மூன்றாவது முயற்சியில் தலைப்பகுதியைத் திறந்துவிட்டு, பக்கக் குழாய்களுக்கும் கூண்டுக்கும் இடையில் நுழையும்படி இரண்டு அரைவட்டத் தகடுகளை வெட்டிக் கம்பியால் கட்டினேன். கூண்டிலிருந்து அரை விரற்கடை தள்ளி நின்றதால் தகடுகள் தொடக்கூடாத அளவுக்குச் சூடேறவில்லை. வெளிச்சம் கீழ்நோக்கி ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் விழுந்தது.

வெற்றி என்று நினைத்துக்கொண்டு, அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் விளக்கை முன்னறையில் வைத்துவிட்டு ஏரிக்கரை வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். தெருவிளக்குகளின் நடுவே எங்கள் சன்னலைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதால், மறுவாரம் மின்சாரம் போன ஒரு நேரத்தில் மறுபடி ஓட வேண்டியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. சுடர் தெரியவில்லை, ஆனால் சன்னல் முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தது. விளக்கின் வெளிச்சம் சிமென்ட் தரையில் பட்டு, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஏறி, அங்கிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அடியில் ஈரச்சாக்கை விரித்ததும் பாதிக்குமேல் குறைந்தது. விளக்கைக் காட்டிலும் வெள்ளைச் சுவர்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்குக் கிடைத்திராத தகவல். கதையில் அவள் இப்போது விளக்கை மூடுவதற்கு முன்னால் கணவனின் கோணியைத் தரையில் விரிக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் கதையின் பெரிய பிழையையும் கண்டுகொண்டேன். இருட்டடிப்பில் இத்தனை மூழ்கியிருந்த நான், முதல் குண்டுவீச்சை இரவில் நடப்பதாக எழுதியிருந்தேன். டிசம்பர் 23 தாக்குதல் பட்டப்பகலில் நடந்தது. சங்கு ஊதியும் மக்கள் பதுங்காமல், வீதியில் கூட்டம் கூட்டமாக நின்று, வெயிலில் மின்னிய விமானங்களை வேடிக்கை பார்த்தார்கள். அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இரவுத் தாக்குதல்கள் ஜனவரியில்தான் மிகுந்தன. ஆகவே முதல் பகுதியில் விளக்குக்கே இடமில்லை. அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள், கீழே தெருவில் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள், பக்கத்து அறைத் தெலுங்குக்காரப் பெண் "பார்க்க வாங்க அக்கா" என்று கூப்பிடுகிறாள். வடித்த கஞ்சியை இறக்கிவைக்கத் தாமதித்ததால் இவள் படியிறங்கவில்லை. விளக்கு, தாக்குதலுக்குப் பிந்தைய வாரங்களுக்கு நகர்ந்தது. இந்த ஒரு திருத்தத்துக்காகவே இத்தனை தகர வேலையும் செய்யலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்தது சன்னல். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகத் தாள் நாடாக்களை ஒட்டுவது அந்தக் காலப் படங்களில் எல்லாம் காணப்படுகிறது. அது உண்மையில் எதைத் தடுத்தது என்று பார்க்க நினைத்தேன். இடிக்கப்பட்ட ஒரு கடையிலிருந்து ஒரே அளவில் மூன்று கண்ணாடிகள் கிடைத்தன. ஒன்றை வெறுமையாக விட்டேன். ஒன்றில் மைதாப் பசையால் செய்தித்தாள் நாடாக்களைப் பெருக்கல்குறி போல ஒட்டினேன். மூன்றாவதில், நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும், பாவுக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, பழைய மல் துணியை முழுக் கண்ணாடிக்கும் ஒட்டினேன். மூன்றும் இரண்டு நாள் காய்ந்தன. கண்ணுக்குத் தடுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சாக்கின் மேல் சட்டத்தை வைத்து, நான்கடி உயரத்திலிருந்து அரைக்கிலோ எடைக்கல்லை ஒவ்வொன்றின் மேலும் போட்டேன்.

வெறுங்கண்ணாடி கத்திகளாகச் சிதறியது. தாள் ஒட்டியதில் நாடாக்களின் மேல் இருந்த துண்டுகள் மட்டும் தொங்கி நின்றன; நடுவிலிருந்த முக்கோணங்கள், வெறுங்கண்ணாடியில் உடைந்த துண்டுகளைவிடப் பெரிதாகவும் கூராகவும் கீழே விழுந்தன. துணி ஒட்டிய கண்ணாடி முழுவதும் நொறுங்கியும் ஒரு தலையணை போலக் குழிந்து அப்படியே நின்றது. குண்டின் காற்றழுத்தம் கண்ணாடி முழுவதையும் ஒரே சமயத்தில் தள்ளும், எடைக்கல் ஒரு புள்ளியில்தான் அடிக்கும் என்பதால் இதைச் சோதனை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் என் கதையில் தாள் ஒட்டுகிற கணவனும், அதை நம்பாமல் தன் பழைய சேலையைக் கஞ்சியில் நனைக்கிற மனைவியும் ஒரு மாலை முழுவதும் சண்டை போடுவதற்கு இது போதுமானதாயிற்று. அந்தச் சண்டைதான் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம்.

இதற்கிடையில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எவாக்குவேஷன் வருடத்தில் அவருக்கு ஏழு வயது. என் தகர மூடியைக் காட்டியபோது அவர் சிரித்தார்.

"எதுக்குடி இவ்ளோ வேல? பட்டணத்துக்காரங்க நம்ம வூட்டுக்கு வந்தப்ப, ராத்திரியானா வெளக்கு மேல கூடைய கவுத்துடுவாங்க. இங்க எந்த ஏரோப்ளேன் வரப்போவுதுன்னு எங்க நைனா கேப்பாரு. பழக்கம், விட மாட்டாங்க. செவுரெல்லாம் புள்ளி புள்ளியா வெளிச்சம் வுழும். நாங்க பசங்க அத புடிக்க ஓடுவோம்."

அன்றிரவே மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கூடையின் அடிப்பகுதி விளக்கின் தலைக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மூங்கில் கருகத் தொடங்குகிறது. காற்று தாராளமாகப் போகிறது, சுடர் கலங்கவே இல்லை. ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் மறைப்பு என்று சொல்லவே முடியாது, அத்தனை புள்ளிகள். இருட்டடிப்பு என்ற வகையில் அது படுதோல்வி. என் மூன்று முயற்சிகளின் தகடுகளையும் ஒதுக்கிவிட்டு, கதையின் நடுவில் வரும் ஓர் இரவுக்குக் கூடையைத்தான் வைத்துக்கொண்டேன், மறுநாள் ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்புப் பணி) ஆள் வந்து திட்டுகிறார், அதன் பிறகு தகரம் வருகிறது.

பள்ளம் வெட்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது பாதியில் நின்றது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், நாலரை அடி ஆழம் என்பது திட்டம். இரண்டரை அடியில் மொரம்பு, அதாவது இறுகிய சரளை மண், தட்டியது. நானும் தம்பி மகனும் இரண்டு மாலைப்பொழுதுகளில் மூன்றரை அடியைத்தான் எட்டினோம். செப்டிக் டேங்க்கா என்று கேட்ட அண்டை வீட்டாருக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கதையில் கணவனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே இரவில் பதினொரு பேருக்கான பதுங்குகுழியை வெட்டி முடித்திருந்தார்கள். ஒரு ஆளுக்கு உட்கார இரண்டடி என்றால் பதினொரு பேருக்கு இருபத்திரண்டு அடி நீளம் வேண்டும். என் கணக்குப்படி அது இரண்டு பேருக்கு ஒரு வாரத்து வேலை. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்ததால் அது திரும்பத் திரும்ப உள்ளே சரிந்தது. ஒன்றரை அடி தள்ளிக் கொட்டிய பிறகுதான் நின்றது. ரங்கூனோ ஆற்றுப் படுகை நகரம், அங்கே மொரம்புக்குப் பதிலாகத் தண்ணீர்தான் தட்டியிருக்கும் என்பதால் கதையில் குழியின் அடியில் பலகை போட்டேன்.

உள்ளே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று கிடைத்தது. முதுகை மண்சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தபோது, காதுக்கு எதுவும் கேட்பதற்கு முன்னால் முதுகில் ஒரு அதிர்வு தெரிந்தது. ஏகாம்பரகுப்பம் நிலையத்தைக் கடந்துவரும் சரக்கு ரயில் அது. ஓசை வருவதற்குள் நான் ஐந்து வரை எண்ணிவிட்டேன். இத்தனை வருடம் அந்தப் பாதையின் ஓரத்தில் வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது. கதையில் அவள் குண்டை முதுகால்தான் கேட்கிறாள்.

கடைசி வேலை, அந்த விளக்கடியில் கடிதம் எழுதுவது. கதையின் முடிவில் அவள், கணவனோடு, வடக்கே புரோம் நகருக்குப் போகும் சாலையில் நடையாகக் கிளம்புவதற்கு முந்தைய இரவில், ஊருக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். தகர மூடியோடு விளக்கை ஏற்றி, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நானும் எழுத உட்கார்ந்தேன். தட்டளவு வெளிச்சத்தில் ஒரு நேரத்தில் நான்கு வரிதான் தெரிந்தது. எழுத எழுதத் தாளை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்ததால், முன்னால் என்ன எழுதினேன் என்பது இருட்டுக்குள் போய்விட்டது. ஆகவே இரண்டு விஷயங்களை இரண்டு முறை எழுதியிருந்தேன். அவளுடைய கடிதத்திலும் இப்போது "மாட்டுக்கு ஒழுங்காகத் தண்ணீர் காட்டவும்" என்பது இரண்டு முறை வருகிறது. அதைப் பிழை என்று நினைத்து எவரும் திருத்திவிடக் கூடாது என்று பத்திரிகைக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

எண்ணெயையும் அளந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 20 மில்லி குறைந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதே இங்கே இப்போது பெரும்பாடு. அரை லிட்டருக்கு நான்கு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. பெரியம்மா இன்னும் அதைக் கிருஷ்ணாயில் என்றுதான் சொல்கிறார். இந்த விளக்கில் அந்நாளில் எரிந்தது பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த எண்ணெய். ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியம் சுத்திகரிப்பு ஆலையை, ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, 1942 மார்ச் 7 அன்று ஆங்கிலேயர்களே தீயிட்டு அழித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நகரம் விழுந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் எண்ணெய்த் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். இருட்டிய பிறகு சாப்பிட்டதாகவே தனக்கு நினைவில்லை என்றார். கதை அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் அதை உள்ளே சேர்க்க இடமில்லை. வேறொரு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

பள்ளத்தை மூடியாயிற்று. விளக்கில் இரண்டு குறைகள் மிச்சம் இருக்கின்றன. கூண்டைத் தூக்கும் நெம்பு, பாதியில் சிக்கிக்கொள்கிறது. அதற்குப் புதுக் கம்பி வளைக்க வேண்டும். ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நுண்துளை இருந்திருக்கிறது. திருநீறு அதைக் காட்டவில்லை, தண்ணீர் நுழையாத இடத்தில் மண்ணெண்ணெய் நுழைகிறது. இரவுக்கு மூன்று, நான்கு சொட்டு. அடியில் ஒரு தட்டை வைத்திருக்கிறேன். அடுத்த சந்தை நாளன்று பெரியவரிடம் மறுபடியும் எடுத்துப் போக வேண்டும்.